தனிப்பாடகரும் சிறு மிக்சரும்

சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கப்பெற்ற 1935-ஆம் ஆண்டையொட்டிய பேசும்படங்களில், பாடகரும் பக்கவாத்தியத்தாரும் ஒலிவாங்கியை நெருங்கியும் விலகியும் நின்றே ஒலியைச் சமன்செய்தனர். இன்று அப்பணியை மிக்சர் செய்கிறது.

தனித்துப் பாடுவோர் மிக்சர் வாங்குங்கால் முதலில் இணைப்புகளை எண்ணுதல் வேண்டும். ஒலிவாங்கிக்கு ஒன்று, ஸ்டீரியோ கீபோர்டுக்கு இரண்டு, மாற்றுக்கு ஒன்று என நான்கே போதும். கண்டென்சர் ஒலிவாங்கியாயின் 48 வோல்ட் வழங்கும் வசதி இன்றியமையாதது. மேடை அதிர்வின் உறுமலை நீக்க, ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைக் குறைக்கும் பொத்தான் உதவும். நடுவொலியைத் திருத்தத் தனித்திருகு இருத்தலும் நலம். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரிதும் அவ்வொலியைச் சார்ந்தது. எதிரொலி வசதி மிகுதியாக வேண்டா. அது மிகின் லகர, ளகர, ழகர வேறுபாடு மங்கும்.

வாங்குமுன் தம் ஒலிவாங்கியை இணைத்துப் பாடி, சொற்கள் விளங்குகின்றனவா என நண்பரைக் கேட்கச் செய்க. சொல் விளங்காத பாட்டில் பொருள் எவ்வாறு விளங்கும்?