மண்கட்டியைச் சுற்றி ஒரு பால் வளையம்

ஒரு கண்ணாடித் தம்ளரில் மழைநீரை ஊற்றுங்கள். கொண்டைக்கடலை அளவுக்கு உலர்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்க வேண்டாம். நல்ல மண் என்றால் கட்டி பொலபொலவென்று சரிந்தாலும் தண்ணீர் தெளிவாகவே நிற்கும். களர் ஏறிய மண் என்றால் சற்று நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் போல ஒரு வளையம் விரியும். மறுநாள் காலையில் பார்த்தாலும் அந்தக் கலங்கல் அடங்கியிருக்காது.

களிமண் துகள்கள் மெல்லிய தகடுகள். அவற்றின் மேல் எதிர் மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். இரட்டை நேர் மின்னூட்டமுள்ள கால்சியம் இடையில் புகுந்து அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. அதன் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொண்டால் பிடி தளர்கிறது. சோடியத்துக்கு ஒற்றை மின்னூட்டம்தான், அதைச் சுற்றி நீர்ப்போர்வை வேறு. தகடுகள் பிரிந்து மிதக்கின்றன, மண்ணின் நுண்துளைகள் அடைபடுகின்றன. இதில் ஒரு விந்தை உண்டு. உப்புக் கிணற்று நீர் பாயும் வரை, நீரிலுள்ள உப்பின் செறிவே தகடுகளை ஓரளவு சேர்த்து வைத்திருக்கும். நல்ல மழை பெய்து உப்பு நீர்த்த பிறகுதான் மண் வாயை மூடிக்கொள்ளும். மழைக்காக ஏங்கிய நிலம், மழை வந்த அன்றே அதைக் குடிக்க மறுக்கிறது.

பாலாற்றுப் படுகையிலுள்ள ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்துக்கு இந்த உப்பு எப்படி வந்தது? பச்சைத் தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் சுமார் 40 சதவீதம் வரை உப்பைத் தடவித்தான் தோல் ஷாப்புக்கு, அதாவது பதனிடும் ஆலைக்கு, அனுப்புகிறார்கள். தொட்டியில் ஊறப்போட்டதும் அந்த உப்பு தண்ணீரில் இறங்கிவிடும். குரோமியத்தைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுகிறோம். அது கொடியதுதான், ஆறு இணைதிறன் வடிவில் மிகக் கொடியது. ஆனால் பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டி நின்றுவிடும். உப்பு மட்கவும் செய்யாது, தங்கவும் செய்யாது. தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். வயலுக்கு நேர்ந்த கேட்டில் அதன் பங்கை நாம் குறைத்தே மதிப்பிட்டுவிட்டோம் என்பது என் எண்ணம்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற கணக்கெடுப்பை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கணக்கெடுத்தது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம். வேளாண் கல்வி இந்த மண்ணுக்காகச் சாட்சி சொன்ன தருணம் அது.

அதே பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் விரிஞ்சிபுரத்தில் இருக்கின்றன. வேலூர் விஐடியில் வேளாண் பட்டப்படிப்பு நடக்கிறது. விரிஞ்சிபுரத்துக்கு மதிலழகு என்பார்கள். பாலாற்றுப் படுகையில் இனி வேளாண் கல்விக்கென்று ஒரு வளாகம் வரைபவர் மதிலையும் சூரியப் பலகையையும் பிறகு வரையட்டும். முதலில் போட வேண்டியது உப்பின் வரவு செலவுக் கணக்கு.

ஒரு லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள கிணற்று நீரை ஒரு ஹெக்டேரில் மொத்தம் 500 மி.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் 50 லட்சம் லிட்டர். அதோடு வயலில் இறங்கும் உப்பு 10 டன். உப்பை உறிஞ்சி வளரும் உமரிச் செடியை ஒரு ஹெக்டேரில் வளர்த்தால் நான்கு மாதத்தில் 504 கிலோ சோடியம் குளோரைடை எடுக்க முடியும் என்று தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் 2007-இல் மதிப்பிட்டார்கள். அந்தச் செடியை நினைத்தால் வியப்புதான். ஆனாலும் பத்து டன் வரவுக்கு அரை டன் செலவு போதாது. ஆகவே உப்பு நீரின் வரவையே குறைக்க வேண்டும்.

அதற்கு வளாகத்தின் கூரை இருக்கிறது. 1,000 சதுர மீட்டர் கூரையில் 900 மி.மீ. மழை பெய்தால் 9 லட்சம் லிட்டர், ஏறக்குறைய உப்பே இல்லாத நீர். ஆனால் அதைக் களர் மண்ணில் அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதைத் தம்ளர் காட்டிவிட்டது. முதலில் ஜிப்சம் இட வேண்டும். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை வெளியேற்றும், வெளியேறியதை மழைநீர் கீழே கழுவும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழலாம். கழுவிய நீர் வெளியேற வடிகால் இல்லையென்றால் எல்லாம் வீண்.

வளாக விடுதியின் ஆர்.ஓ. இயந்திரத்தையும் மறக்கக் கூடாது. அது தள்ளும் கழிவு நீரில் கிணற்று உப்பெல்லாம் செறிந்திருக்கிறது. அதைத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டு மறுசுழற்சி என்று பெயர்ப்பலகை வைத்தால், தோல் ஷாப் செய்ததையே சிறிய அளவில் நாமும் செய்கிறோம். அந்த நீரும் வடிகால் நீரும் வளாகத்தின் தாழ்ந்த மூலையில், அடியில் கசியாத ஆவியாக்கும் குட்டையில் போய்ச் சேர வேண்டும். பாலாற்றுக்கோ பக்கத்து வயல் கிணற்றுக்கோ ஒரு சொட்டும் போகக் கூடாது. குட்டையில் மிஞ்சும் உப்பை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையில்லாமல் தோல் ஷாப்புகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களே திணறுகின்றன. நீரைக் காய்ச்சி எடுத்த கலப்பு உப்பை அவை மூட்டை கட்டிக் கிடங்கில் அடுக்கி வைக்கின்றன.

நான் வரைந்தால் அந்த மூலையை வேலி போட்டு மறைக்க மாட்டேன். மண்ணியல் வகுப்பின் ஜன்னலை அதன் பக்கமாகவே திறப்பேன். கரையோரம் உமரி சிவந்து படர்ந்திருக்கும். மாணவர்கள் அதை அறுத்து, காயவைத்து, எடை போட்டு, அதிலுள்ள உப்பைக் கணக்கிட்டுச் செலவுப் பக்கத்தில் எழுதுவார்கள். எதிர்ப்பக்கத்தில், அன்று வயலுக்கு இறைத்த கிணற்று நீரின் உப்பு.