எட்டாயிரம் ஆண்டு ஈரம்

ஒன்ராறியோவில் இருக்கும் நம்மவர்களிடம் மாகாணத்தின் வடக்கு எது என்று கேட்டால் சட்பரி என்பார்கள், மிஞ்சிப்போனால் திம்மின்ஸ். ஆனால் மாகாண நிலத்தில் ஏறத்தாழக் கால்பங்கு அதற்கும் வடக்கே இருக்கிறது. அதுதான் ஹட்சன் குடாத் தாழ்நிலம். மனிற்றோபாவிலிருந்து ஒன்ராறியோ வழியாகக் கியூபெக் வரை குடாவின் ஓரமாக 3 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கும் மேல் பரந்திருக்கும் இந்தச் சதுப்பு, உலகின் மிகப் பெரிய ஈரநிலங்களில் ஒன்று.

ரொறன்ரோவில் வாழும் நான் அந்த நிலத்தை முதலில் பார்த்தது ரயில் யன்னல் வழியாக. கொக்ரேன் என்ற ஊரிலிருந்து, ஹட்சன் குடாவின் தென்முனையான ஜேம்ஸ் குடாவுக்கு அருகிலுள்ள மூசனி வரை சுமார் 300 கிலோமீற்றர், ஐந்து மணிநேரப் பயணம். மூசனிக்கு நெடுஞ்சாலை கிடையாது. வடக்கே போகப் போக மரங்கள் குட்டையாகின்றன. கருப்பு ஸ்புரூஸ் மரங்கள் ஆள் உயரமே இருந்தாலும், அவற்றில் பல நூறு வயதைத் தாண்டியவை. வேர் நிற்கும் நீரில் காற்றும் இல்லை, சத்தும் குறைவு. பிறகு எப்படி வளரும்?

இந்த நிலத்தின் கதை பனியில் தொடங்குகிறது. பனியுகத்தில் கிலோமீற்றர் கணக்கான தடிப்பில் படிந்திருந்த பனிப்பாளம் தரையையே கீழே அமுக்கிவிட்டது. ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் பனி விலகியதும், அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தது. ஆள் எழுந்த பின் பஞ்சுமெத்தை மெல்ல எழும்புவதுபோல், சுமை நீங்கிய நிலம் அன்றிலிருந்து உயர்ந்துகொண்டே வருகிறது. இன்றும் கரையோரத்தில் நூறாண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் உயர்கிறது. தரை அவ்வளவு தட்டையாக இருப்பதால், அந்த ஒரு மீற்றர் உயர்வே கடலை வெகுதூரம் பின்வாங்கச் செய்துவிடுகிறது. குடாவுக்கு இணையாக வரிவரியாக உள்ளே கிடக்கும் மணல்மேடுகள் எல்லாம் பழைய கடற்கரைகள்தான்.

அங்கே மழை அதிகம் பெய்வதில்லை. ஆனால் பெய்த நீர் ஓடச் சரிவில்லை. கடல் விட்டுப்போன களிமண் அதைக் கீழே இறங்க விடாது. குடாவை ஒட்டிய பகுதியில் நிலத்தடி உறைபனியும் தடுக்கிறது. குளிரில் ஆவியாவதும் குறைவு. இப்படித் தேங்கிய நீரில் செழிப்பது ஸ்பாக்னம் பாசி. தன் உலர்ந்த எடையைப்போல் பதினைந்து இருபது மடங்கு நீரை அது பிடித்து வைக்கும். சுற்றியுள்ள நீரைப் புளிப்பாக்கும். புளிப்பும் குளிரும் காற்றில்லா நீரும் சேர்ந்தால் இறந்த பாசி முழுதாக மக்காது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகச் சேர்ந்து, பல இடங்களில் இரண்டு மூன்று மீற்றர் ஆழத்துக்குப் படிந்திருக்கும் இந்த அடுக்குதான் பீட். அதனுள் அடைபட்டிருக்கும் காபன் ஏறத்தாழ 3,000 கோடி தொன் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

உயிர்களுக்கும் இது பெரிய இடம். வசந்தத்தில் பனிவாத்துகளும் கனடா வாத்துகளும் திரள்கின்றன. ஆர்க்டிக்கிலிருந்து தென்னமெரிக்காவின் முனைவரை பறக்கும் ரெட் நொட் என்ற உள்ளான் பறவை, ஜேம்ஸ் குடாவின் சேற்றில் இறங்கி இரைதேடிக் கொழுத்த பிறகே பயணத்தைத் தொடர்கிறது. உலகிலேயே மிகத் தெற்கில் வாழும் துருவக் கரடிகளும் இங்கேதான். தாய்க்கரடி பீட் மேடுகளில் வளை தோண்டும். கூரை இடியாமல் ஸ்புரூஸ் வேர்கள் தாங்கும். குடாவின் கடற்பனி இப்போது முந்தி உருகுவதால் அவை சீல் வேட்டையாடும் காலம் சுருங்கிவிட்டது. மேற்கு ஹட்சன் குடாவில் 2016இல் 842 என்று மதிப்பிடப்பட்ட கரடிகள் 2021இல் 618 ஆகக் குறைந்தன.

இந்த நிலத்தை வெற்று நிலம் என்று எழுதுவோர் மேல் எனக்குக் கோபம் வரும். ஓமுஷ்கெகோ கிரீ பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கிறார்கள். வசந்தகால வாத்து வேட்டை அவர்களுக்கு உணவு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கு நிலத்தைக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடமும்கூட. ஆறுகளின் குணத்தையும் அவர்கள் அறிவார்கள். தெற்கே பனி உருகி வெள்ளம் வரும்போது வடக்கே முகத்துவாரம் இன்னும் உறைந்தே இருக்கும். உடைந்த பனிக்கட்டிகள் குவிந்து ஆற்றை அடைக்கும். 1986 மே மாதத்தில் வினிஸ்க் கிராமத்தை அப்படியொரு பனிவெள்ளம் அடித்துச் சென்றது. உயிர் தப்பியவர்கள் ஆற்றின் மேற்போக்கில் பீவானக் என்ற ஊரை அமைத்தார்கள்.

2000களின் பிற்பகுதியில் இந்தத் தாழ்நிலத்தில் குரோமைட் கனிமம் கண்டுபிடிக்கப்பட்டது. ரிங் ஒஃப் ஃபயர் என்று அழைக்கப்படும் அந்தப் பகுதிக்குச் சாலை போடும் பேச்சு அன்றிலிருந்து ஓயவில்லை. பீட் நிலத்தில் சாலை என்பது அணைக்கட்டு மாதிரி வேலை செய்யும்: ஒரு பக்கம் நீர் தேங்கும், மறுபக்கம் காயும். காய்ந்த பீட் காற்றுப்பட்டு மக்கும், தீயும் பிடிக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடைபட்டிருந்த காபன் வானில் கலக்கும். பிறகு வெட்டிய மரத்துக்குக் கன்று நடுவதுபோல் ஈடுசெய்ய முடியாது. ஒரு மீற்றர் பீட் திரும்பச் சேர ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகும்.

கனிமம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே வாழும் மக்களின் சம்மதமும் நீரோட்டம் பற்றிய முழு ஆய்வும் இல்லாமல் ஒரு லொறி மண்கூடக் கொட்டக்கூடாது. ஒன்ராறியோவில் வாக்குரிமை உள்ள தமிழர்கள் பல்லாயிரம் பேர். அடுத்த தேர்தலில் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் வீதி, வைத்தியசாலை பற்றிக் கேட்கும்போது, இந்தத் தாழ்நிலத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள்.