வேரைத் தேடிய துறவிகள்

எகிப்தில், நைல் நதிக் கழிமுகத்தின் மேற்கு ஓரம். ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காத தூரத்தில், மணல்வெளியில் தனித்தனியாக நிற்கும் சிறு குடில்கள். அந்த இடத்துக்குக் கெல்லியா என்று பெயர். காலை பத்து மணி வாக்கில், குடிலுக்குள் இருக்கும் துறவிக்கு ஒரு சலிப்பு வந்துவிடும். சூரியன் நகராமல் நிற்பதுபோலத் தோன்றும். பகல் 50 மணி நேரம் நீள்வதுபோல இருக்கும். சன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். வெளியே வந்து, சாப்பாட்டு வேளையான பிற்பகல் மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சூரியனை அண்ணாந்து பார்ப்பார். யாராவது வருகிறார்களா என்று அக்கம்பக்கம் நோட்டம் விடுவார். பிறகு கசப்பு ஊறத் தொடங்கும். இந்த இடம் சரியில்லை, செய்கிற கைவேலையில் மனம் ஒட்டவில்லை, கூட இருப்பவர்களுக்கு அன்பே கிடையாது, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல நாதியில்லை. ஊர் ஞாபகமும் உறவுகளின் ஞாபகமும் சேர்ந்துகொள்ளும். கடைசியில், எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிடலாமா என்ற இடத்தில் வந்து நிற்கும்.

1,600 ஆண்டுகளுக்கு முன் இதை இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்தவர் எவாக்ரியுஸ். இன்றைய துருக்கியின் வடபகுதியான பொந்துசில் பிறந்தவர். கான்ஸ்டாண்டிநோபிளில் கல்விக்கும் பேச்சுக்கும் பேர்பெற்ற திருத்தொண்டர். மணமான உயர்குடிப் பெண் ஒருவர்மீது மனம் போனதால் நகரைவிட்டு வெளியேறி, எருசலேம் வழியாக எகிப்துக்கு வந்து சேர்ந்தார். 399இல் இறக்கும்வரை பாலைவனத்திலேயே வாழ்ந்தார். மனிதருக்குள் தீமை எப்படி முளைவிடுகிறது, எப்படிக் காய்க்கிறது என்று பார்ப்பதே அவருடைய வாழ்நாள் வேலை.

நன்மையும் தீமையும் மனிதரில் விளைபவை என்பது கிறித்தவத்தின் அடிப்படைப் போதனைகளில் ஒன்று. நல்ல மரம் நல்ல கனி கொடுக்கும், கெட்ட மரம் கெட்ட கனி கொடுக்கும், கனியைக் கொண்டே மரத்தை அறியலாம் என்று இயேசு கற்பித்ததை மத்தேயுவும் லூக்காவும் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படியானால் பழக்கத்தில் இருக்கும் ஒரு குற்றத்தைத் தனியாகப் பிய்த்தெறிவதால் பயனில்லை. வேர் இருக்கும்வரை அடுத்த பருவத்தில் மறுபடி காய்க்கும். பாலைவனத் துறவிகள் இந்தப் போதனையை ஒரு தொழில்போலக் கற்றுத் தேர்ந்தார்கள்.

பவுலின் இரண்டு பட்டியல்கள்

கனிகளைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் போய் நிற்கும் இடம், பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம். அங்கே இரண்டு பட்டியல்கள் அடுத்தடுத்து வருகின்றன. தூய ஆவியால் விளைபவை ஒன்பது: அன்பு, மகிழ்ச்சி, அமைதி, பொறுமை, இரக்கம், நற்குணம், பற்றுறுதி, சாந்தம், தன்னடக்கம். லத்தீன் விவிலியத்தைப் பின்பற்றும் கத்தோலிக்க மறைக்கல்வியில் இவை பன்னிரண்டு.

இதற்கு முன்னால் ஊனியல்பின் செயல்கள் வருகின்றன. பழமையான பிரதிகளில் 15, சிலவற்றில் 17. மேடையில் இந்தப் பகுதியைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் காமத்தையும் குடியையும் எடுத்துக்கொண்டு முழங்குவார்கள். பட்டியலை நிதானமாக எண்ணிப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படும். 15இல் எட்டு, மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான பகை பற்றியவை. வெறுப்பு, சண்டை, போட்டி, கோபம், தன்னலச் சூழ்ச்சி, பிளவு, கட்சி, பொறாமை. பாதிக்கும் மேல்.

காரணம் இருக்கிறது. யூதரல்லாத கிறித்தவர்களும் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்ற கேள்வியில் கலாத்தியச் சபைகள் கலங்கிக் கிடந்தன. ஒருவரை ஒருவர் கடித்துக் குதறினால் கடைசியில் எல்லோரும் அழிவீர்கள் என்று பட்டியலுக்குச் சற்று முன்புதான் பவுல் எச்சரிக்கிறார். தூய ஆவியின் கனிகளிலும் பல, இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே விளையக்கூடியவை. பொறுத்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் பொறுமைக்கு என்ன வேலை?

எட்டு எண்ணங்கள்

எவாக்ரியுஸ் எட்டு எண்ணங்களைப் பிரித்துக் காட்டினார். பெருந்தீனி, காமம், பணத்தாசை, துயரம், கோபம், மேலே சொன்ன நண்பகல் சலிப்பு, புகழாசை, ஆணவம். இந்த எண்ணங்கள் மனத்துக்குள் வருவதும் வராததும் நம் கையில் இல்லை, வந்தவை தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது என்றார். குற்றவுணர்வால் நொந்துபோகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

பணத்தாசையைப் பற்றி அவர் எழுதியதைப் பாருங்கள். அந்த எண்ணம் துறவியின் காதில் பொன்னையும் பொருளையும் பற்றிப் பேசுவதில்லை. நீண்ட முதுமையைக் காட்டுகிறது. கை ஓய்ந்துபோய் வேலை செய்ய முடியாத நாளைக் காட்டுகிறது. பஞ்சத்தையும் நோயையும் காட்டுகிறது. பிழைப்புக்காகப் பிறரிடம் கையேந்தும் அவமானத்தைக் காட்டுகிறது. ஆசை என்று நாம் பெயர் வைத்திருக்கும் மரத்தின் வேரில் அவர் கண்டது பயம். வேரில் பயம் இருக்கும்போது, பேராசைப்படாதே என்று ஒருவரை எத்தனை முறை அதட்டி என்ன பயன்?

அவருடைய மாணவர் வழியில் வந்த யோவான் காசியான் இந்தப் படிப்பினையை மேற்கே கொண்டுபோனார். ஏறத்தாழ 415இல் பிரான்சின் மார்செய் நகரில் குடியேறி, மடங்கள் நிறுவி, எட்டுத் தீமைகளைப் பற்றி லத்தீனில் விரிவாக எழுதினார். ஒன்று மிகுந்தால் அடுத்தது பிறக்கும் என்பது அவர் கண்ட ஒழுங்கு. உணவில் கட்டுப்பாடு போனால் காமம், அதிலிருந்து பணத்தாசை, பிறகு கோபம், துயரம், சலிப்பு. அகலப் படர்ந்த நச்சுமரத்தை உலரவைக்க வேரை வெட்டவெளியாக்குவதே எளிய வழி என்று அவரும் மரத்தையே காட்டிப் பேசினார்.

590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியார், ஆணவத்தைத் தனியே எடுத்து எல்லாத் தீமைக்கும் வேராக வைத்தார். பொறாமையைப் பட்டியலில் சேர்த்தார். வேரிலிருந்து கிளைத்தவை ஏழு. பின்வந்தவர்கள் அதைச் சற்றே மாற்ற, தலையான பாவங்கள் ஏழு என்ற இன்றைய வரிசை உருவானது. தமிழ்க் கத்தோலிக்கர்களின் பழைய ஞானோபதேசத்தில் அவை அகங்காரம், லோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம் (பொறாமை), சோம்பல். மாற்றாக ஏழு புண்ணியங்கள்: தாழ்ச்சி, உதாரம், கற்பு, பொறுமை, மட்டசனம் (அளவான உணவு), பிறர்சிநேகம், சுறுசுறுப்பு. நோயின் பெயரோடு மருந்தின் பெயரையும் சேர்த்தே பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள்.

கன்றாக இருக்கும்போதே

ஆறாம் நூற்றாண்டில், காசா பகுதி மடத்தில் வாழ்ந்த தொரோத்தேயுஸ் சொன்ன ஒரு நிகழ்ச்சி உண்டு. சைப்ரஸ் மரங்கள் நிற்கும் இடத்தில் ஒரு முதிய குரு சீடர்களோடு இருந்தார். சிறு கன்று ஒன்றைக் காட்டி, "பிடுங்கு" என்றார். சீடர் ஒரு கையால் பிடுங்கிவிட்டார். கொஞ்சம் பெரியதைக் காட்டினார். இரண்டு கையும் போட்டுப் பிடுங்கினார். அதைவிடப் பெரியதைப் பிடுங்க வியர்த்துக் கொட்டியது. அடுத்த மரத்தை அசைக்கவே முடியவில்லை. குரு இன்னொரு சீடரைத் துணைக்கு அனுப்பிய பிறகே அது வந்தது. மனத்தின் தீய நாட்டங்களும் அப்படித்தான், சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள் என்றார் குரு.

இந்தக் கதையில் நான் மிகவும் மதிப்பது, துணைக்கு வந்த அந்தச் சகோதரரை. வேர்விட்டுப் போன குடியையோ கோபத்தையோ ஒருவர் தனியாகப் பிடுங்க முடியாதபோது, அவரைக் குறைசொல்லாமல் பக்கத்தில் போய்க் கைகொடுப்பதும் இந்தப் போதனைக்குள் அடங்கும்.

ஏட்டில் வளர்ந்த நச்சுமரம்

இதே போதனை தவறான கையில் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சாட்சி உண்டு. வடபிரான்சின் செயின்ட் ஓமேரைச் சேர்ந்த குரு லாம்பெர்ட், 1121இல் 'லிபர் ஃப்ளோரிடுஸ்' என்ற கலைக்களஞ்சியத்தை முடித்தார். அவர் கைப்பட எழுதிய ஏடு பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு மரங்கள். நல்ல மரத்தின் வேரில் அன்பு. கிளைக்குக் கிளை வெவ்வேறு இலைகள், வட்டங்களுக்குள் நற்பண்புகள். கெட்ட மரத்தின் வேரில் பேராசை, அடியில் வெட்டத் தயாராக இரண்டு கோடாரிகள்.

பார்க்க அழகான ஓவியம். ஆனால் நல்ல மரத்துக்குத் திருச்சபை என்றும், கெட்ட மரத்துக்கு யூதரின் தொழுகைக்கூடம் என்றும் பெயர் எழுதியிருக்கிறார் லாம்பெர்ட். முதல் சிலுவைப்போர் கிளம்பியபோது ரைன் நதிக்கரையில் யூதர்கள் கொல்லப்பட்டு 25 ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பகையையும் பிளவையும் கெட்ட கனி என்று பவுல் எழுதினார். அந்தப் போதனையை விளக்க வந்த ஓவியத்திலேயே அந்தக் கனி காய்த்துவிட்டது. தீமைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டு மரத்தை அளக்கப் போனால் இதுதான் நடக்கும்.

இன்னும் ஓராண்டு

கனி என்பது இனிப்பது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் விளக்கினார் தாமஸ் அக்குவினாஸ். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நன்மை செய்வது தொடக்கம்தான். செய்கிறவருக்கே அதில் மகிழ்ச்சி பிறக்கும்போது அது கனி. அதற்குக் காலம் வேண்டும். மூன்று ஆண்டுகளாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொல்கிறார் உரிமையாளர். இந்த ஓராண்டு விட்டுவையுங்கள், சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்று தோட்டக்காரர் கெஞ்சுகிறார். இயேசு சொன்ன அந்த உவமை, மரம் காய்த்ததா இல்லையா என்று சொல்லாமலே முடிகிறது. கடவுளின் பொறுமையை நம்பி உழைக்கச் சொல்லும் கதை அது.

தமிழ்நாட்டுத் திருச்சபைக்கு இதில் நேரடியான கேள்வி ஒன்று உண்டு. ஒரே பந்தியில் நற்கருணை வாங்குகிறவர்களைச் சாதி பார்த்துத் தனித்தனியாகப் புதைக்கும் கல்லறைத் தோட்டங்கள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. பவுலின் பட்டியலில் அதன் பெயர் பிளவு. தவக்காலம் முழுக்கக் கறி, மீன் தொடாமல் இருந்தாலும், அந்த வேர் அப்படியே கிடந்தால் விளைச்சலில் மாற்றம் வராது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒன்பது கனிகளையும் ஏழு பாவங்களையும் உங்களுக்கு மட்டும் வைத்துப் பாருங்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன ஓர் உறவினரோ, பங்குக்காரரோ, பக்கத்து வீட்டுக்காரரோ நினைவுக்கு வந்தால், அடுத்த ஞாயிறுவரை காத்திருக்காமல் நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள்.