'30 நாளில் கூகுள் முதல் பக்கம்' – வெப்சைட்டுக்கு ஆள் வருவது உண்மையில் எப்படி?

வெப்சைட் தொடங்கிய எவருக்கும் அந்த மெயில் வந்தே தீரும். '30 நாளில் கூகுள் முதல் பக்கம், கியாரண்டி!' கீழே மாதக் கட்டணம். மாடித்தோட்டம் பற்றி எழுதுபவர், டியூஷன் சென்டர் நடத்துபவர், ஆன்லைனில் ஊறுகாய் விற்பவர் என யாரையும் அது விட்டுவைப்பதில்லை. ஆறு மாதம் ராத்திரி கண் விழித்து எழுதியும் நாளுக்குப் பத்து பேர்கூட எட்டிப் பார்க்கவில்லை என்ற வெறுப்பில் இருப்பவருக்கு, 'சரி, ஒரு மாசம் கட்டித்தான் பார்ப்போமே' என்று தோன்றுவது இயல்பு.

இந்த கியாரண்டி பற்றி கூகுளே தன் உதவிப் பக்கத்தில் பட்டென்று சொல்லியிருக்கிறது: தேடலில் முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. கூகுளுக்கு விளம்பரக் காசு கட்டினாலும் சாதாரண தேடல் முடிவுகளின் வரிசை மாறாது. தேடலுக்கு ஏற்ப சைட்டைச் சீரமைக்கும் வேலை, அதாவது எஸ்இஓ, பலன் தர பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று 2017-ல் கூகுள் வெளியிட்ட வீடியோ சொல்கிறது.

அப்படியென்றால் மெயில் அனுப்பியவர் 30 நாளில் என்னதான் செய்வார்? எளிதான வழி, யாருமே தேடாத சொற்றொடரில் முதலிடம் பிடித்துக் காட்டுவது. கடையின் பெயரையும் தெருவின் பெயரையும் சேர்த்துத் தேடினால் அந்தக் கடை முதலில் வராமல் வேறு எது வரும்? ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிடுவார்கள், கியாரண்டியும் காப்பாற்றப்பட்டுவிடும். அடுத்த வழி, பாட் புரோகிராம்களை விட்டு ஹிட் எண்ணிக்கையை ஏற்றுவது. இது வெறும் ஏமாற்று மட்டுமல்ல. சைட்டில் ஆட்சென்ஸ் விளம்பரம் ஓடினால், போலி டிராஃபிக் காரணமாக அந்தக் கணக்கே முடக்கப்படலாம். மூன்றாவது வழி, காசுக்கு லிங்க் வாங்குவது. இதற்குத்தான் கொஞ்சம் வரலாறு தேவை.

லிங்க் என்றால் ஓட்டு

1998-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஒரு பக்கத்துக்கு மற்ற சைட்டுகள் லிங்க் கொடுத்தால் அதை ஓட்டு மாதிரி எண்ணலாம்; மதிப்புள்ள சைட்டிலிருந்து வரும் ஓட்டுக்கு எடை அதிகம் என்பது அதன் சாரம். ஆய்வாளர்கள் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டும் வழக்கத்திலிருந்து எடுத்த யோசனை. 'பேஜ்ரேங்க்' என்ற அந்தக் கணக்கின் மேல்தான் கூகுள் எழுந்தது.

ஓட்டு என்று வந்துவிட்டால் கள்ள ஓட்டும் வரும்தானே?

2011 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்ட செய்தி இதை ஊரறியச் செய்தது. ஜே.சி.பென்னி என்பது அமெரிக்காவின் பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் நிறுவனம். டிரெஸ், படுக்கை விரிப்பு, தரை விரிப்பு என எதைத் தேடினாலும் கூகுளில் அதுதான் முன்னால் நின்றது. எப்படி என்று துருவிப் பார்த்ததில், சம்பந்தமே இல்லாத ஏராளமான சைட்டுகளில் பென்னிக்கு லிங்க் நட்டு வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. கேசினோ பற்றிய சைட்டில் டிரெஸ்ஸுக்கு லிங்க். அணுப் பொறியியல் பற்றிய சைட்டிலும் டிரெஸ்ஸுக்கு லிங்க்! விஷயம் கூகுளுக்குப் போனது. ஒரு புதன்கிழமை இரவு 7 மணிக்கு, சாம்சனைட் பயணப் பெட்டிக்கான தேடலில் பென்னி 1-வது இடத்தில் இருந்தது. 9 மணிக்கு 71-வது இடம். வரவேற்பறை ஃபர்னிச்சருக்கான தேடலில் அதே இரண்டு மணி நேரத்தில் 1-லிருந்து 68-க்குச் சரிந்தது. தங்களுக்கு எதுவும் தெரியாது என்றது பென்னி. எஸ்இஓ வேலை பார்த்த நிறுவனத்தை நீக்கியது.

பெரிய நிறுவனம் என்பதால் பென்னி எழுந்து நின்றது. மாடித்தோட்டக்காரருக்கு அந்த வசதி கிடையாது. இதற்கு முன் 2006-ல், தேடல் இயந்திரத்துக்கு ஒரு பக்கமும் ஆட்களுக்கு வேறு பக்கமும் காட்டியதற்காக பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் சைட்டையே கூகுள் தேடலிலிருந்து தூக்கியது. திருத்திய பிறகே சேர்த்துக்கொண்டது. 2011-ல் 'பாண்டா', 2012-ல் 'பென்குயின்' என்று அடுத்தடுத்து வந்த மாற்றங்கள், ஒப்புக்கு எழுதிக் குவித்த சைட்டுகளையும் லிங்க் வாங்கிய சைட்டுகளையும் மொத்தமாகக் கீழே தள்ளின. பக்கத்தின் கோடில் 'மெட்டா கீவேர்ட்' திணிக்கும் வேலைக்கு இன்னமும் பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் அறிவித்தது 2009-ல்.

தேடுபவர் வாயில் என்ன வார்த்தை?

காசு செலவில்லாத, ஆனால் பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். குறிப்பாகத் தமிழில்.

வீட்டுமனை வாங்கப்போகும் ஒருவர் 'வில்லங்கச் சான்றிதழ் பெறுவதற்கான வழிமுறைகள்' என்றா தேடுவார்? 'ஈசி ஆன்லைனில் எடுப்பது எப்படி' என்றுதான் தட்டுவார். 'ஓட்டுநர் உரிமம் புதுப்பித்தல்' என்று தலைப்பு வைத்த பக்கம் ஒருபுறம் காத்திருக்க, மக்கள் 'லைசென்ஸ் ரினியூவல்' என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள், மைக்கை அழுத்திப் பேச்சு வழக்கிலேயே கேட்கிறவர்கள் தனி. இரண்டும் ஒன்று என்று கூகுள் ஓரளவு ஊகித்துக்கொள்ளும். ஆனால் முடிவுகளைப் பார்க்கும் மனிதர், தான் கேட்ட வார்த்தை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அதைத்தான் தொடுவார். நல்ல தமிழ் எழுதக் கூடாது என்று பொருளில்லை. தலைப்பிலோ முதல் பத்தியிலோ மக்கள் சொல்லும் பெயரும் ஒருமுறை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, கேள்வி எங்கே முடிகிறது என்பது. பட்டா மாறுதலுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று எழுதிய பக்கங்கள் ஏகப்பட்டவை. அரசு தளத்தில் இருப்பதையே வேறு வார்த்தையில் சொல்பவை அவற்றில் பல. 'விண்ணப்பம் ரிஜெக்ட் ஆகிவிட்டது, இப்போ என்ன பண்றது?' என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும் பக்கங்கள் எத்தனை? நேரில் அலைந்து பார்த்தவர் எழுதும் பத்து வரி, அலையாதவர் எழுதும் ஆயிரம் சொல்லை விட இங்கே பயன்படும். அந்தப் பத்து வரியைத்தான் வாட்ஸ்அப்பில் அடுத்தவருக்கு ஃபார்வர்டும் செய்வார்கள்.

தமிழுக்கென்று இன்னொரு பழைய சிக்கலும் உண்டு. யூனிகோடு பரவும் முன் எழுதப்பட்ட பக்கங்கள் பல, தனி ஃபான்ட்டில் ஏற்றப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசை. தேடினால் எப்படிச் சிக்கும்? இன்றைக்கு அதே தவறு வேறு உருவில் நடக்கிறது: கட்டுரையை அழகாக டிசைன் செய்து, மொத்தத்தையும் படமாக ஏற்றிவிடுவது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலில் இடம் பிடிக்க முடியாது.

வேகமும் முக்கியம். மொபைலில் ஒரு பக்கம் திறக்க மூன்று நொடிக்கு மேல் ஆனால் 53 சதவீத வருகைகள் பாதியிலேயே கைவிடப்படுகின்றன என்று 2016-ல் கூகுள் வெளியிட்ட ஆய்வு சொன்னது. எட்டு எம்பி போட்டோவை அப்படியே ஏற்றாமல் சுருக்கி ஏற்றினாலே பாதி வேலை முடிந்தது.

ஃபேஸ்புக்கை நம்பியவர்கள்

சமூக வலைதளக் கூட்டம் சீக்கிரம் சேரும். எவ்வளவு சீக்கிரம் கலையும் என்பதற்கு அமெரிக்காவின் 'லிட்டில்திங்ஸ்' சாட்சி. பெண்களுக்கான நெகிழ்ச்சிக் கதைகளையும் வீடியோக்களையும் போட்டு, ஃபேஸ்புக் வழியாக வளர்ந்த சைட் அது. 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்று மார்க் ஸக்கர்பெர்க் அறிவித்தார். சில வாரங்களிலேயே லிட்டில்திங்ஸுக்கு ஃபேஸ்புக்கிலிருந்து தானாக வந்த கூட்டத்தில் சுமார் 75 சதவீதம் போனது. பிப்ரவரி முடிவதற்குள் கடையை மூடிவிட்டார்கள். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, லிங்க் வாங்கவில்லை. கதவு வேறொருவர் கையில் இருந்தது.

இப்போது ஏஐ

தேடலின் கதவும் இப்போது பாதி சாத்தப்படுகிறது. கேள்வி கேட்டால் லிங்க்குகளுக்கு மேலேயே ஏஐ பதிலைச் சுருக்கித் தந்துவிடுகிறது. கூகுளின் இந்த வசதி அமெரிக்காவில் 2024 மே மாதமும், இந்தியாவில் அதே ஆண்டு ஆகஸ்டிலும் வந்தது. அமெரிக்கர்களின் தேடல்களை ஆராய்ந்து பியூ ஆய்வு மையம் 2025-ல் வெளியிட்ட கணக்கு கவனிக்க வேண்டியது: ஏஐ சுருக்கம் வராத தேடல்களில் 15 சதவீத முறை வழக்கமான லிங்க்கைத் தொட்டவர்கள், சுருக்கம் வந்தபோது 8 சதவீத முறைதான் தொட்டார்கள். ஏறத்தாழ பாதி.

'பான் கார்டு என்றால் என்ன' ரகக் கட்டுரைகளுக்கு இது பெரிய அடி. சொல்லப்போனால், அவற்றை இனி புதிதாக எழுதுவதில் அர்த்தமில்லை. சொந்தமாக எடுத்த படம், இந்த வாரத்து விலை, ஆறு மாதம் பயன்படுத்திய பிறகான கருத்து, உள்ளூர்த் தகவல் போன்றவற்றைச் சுருக்கத்தைப் படித்து முடித்த பிறகும் திறந்து பார்க்கக் காரணம் இருக்கிறது.

இன்னொன்று, வந்தவரை மறுபடி வரவைப்பது. மெயில் முகவரி கொடுத்துச் சேர்ந்த இருநூறு பேருக்குப் புதுக் கட்டுரை போய்ச் சேர எந்த அல்காரிதத்தின் தயவும் வேண்டாம். வாட்ஸ்அப் சேனலும் உதவும்தான். ஆனால் அதுவும் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுடையது என்பதால், மெயில் பட்டியலைக் கைவிட்டு இதை மட்டும் நம்புவது சரியாக இருக்காது.

மாதக் கட்டணம் கட்டும் முன், இலவசமாகக் கிடைக்கும் 'கூகுள் சர்ச் கன்சோல்' கருவியில் சைட்டை இணைக்கலாம். எந்த வார்த்தையைத் தேடியபோது சைட் கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதெல்லாம் 16 மாதம் வரை அதில் இருக்கும். ஆயிரம் முறை கண்ணில் பட்டு ஐந்து பேர் மட்டும் உள்ளே வந்திருந்தால் முதலில் தலைப்பைச் சந்தேகப்படலாம். சைட்டில் பதிலே எழுதாத ஏதோ ஒரு கேள்வி அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்து எழுத வேண்டிய கட்டுரை அது.