கணக்குக்குத் துணை வேண்டும்

பாடங்களுக்குப் பஞ்சமில்லை. கல்லூரியில் கணிதமும் புள்ளியியலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்று தேவை, கூட உட்கார்ந்து யோசிக்க ஓர் இடமும் ஆளும்.

பி.எஸ்சி. கணிதத்தில் சேரும் பலர் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள். வகையீடும் தொகையீடும் அவர்களுக்கு அத்துப்படி. அதே பிள்ளைகள் ‘ரியல் அனாலிசிஸ்’ தாளுக்கு வந்ததும் திணறுகிறார்கள். அதுவரை ‘விடை காண்க’ என்று கேட்ட பாடம், அங்கிருந்து ‘நிறுவுக’ என்று கேட்கத் தொடங்குகிறது. அந்தத் தாவலுக்கு அவர்களை யாரும் தயார்செய்வதில்லை.

1 + 1/2 + 1/3 + 1/4 என்று நீளும் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்புகள் சிறுத்துக்கொண்டே பூச்சியத்தை நெருங்குகின்றன. கூட்டுத்தொகையும் ஏதோ ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடும் என்றுதான் மனம் சொல்லும். ஆனால் அடங்காது. 1/3, 1/4 இரண்டையும் கூட்டினால் 1/2-க்கு மேல். 1/5 முதல் 1/8 வரை நான்கையும் கூட்டினால் மறுபடியும் 1/2-க்கு மேல். அடுத்த எட்டு உறுப்புகளும் அப்படியே. அரை அரையாக முடிவில்லாமல் சேர்ந்துகொண்டே போனால் எல்லை ஏது? 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் நிக்கோல் ஒரேம் தந்த நிரூபணம் இது. கைடில் நான்கே வரி; மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். ‘இப்படிப் பிரித்துக் கூட்டலாம் என்று எப்படித் தோன்றியது?’ என்று மாணவர் கேட்கும் இடத்தில்தான் கணிதம் தொடங்குகிறது. அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு ஓர் ஆள் வேண்டும்.

புள்ளியியலிலும் இதே கதைதான். ஒரு மருந்துச் சோதனையில் பி-மதிப்பு 0.03 வந்தால், ‘மருந்துக்குப் பலனில்லை என்பதற்கு 3 சதவீத வாய்ப்பு’ என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. மருந்துக்குப் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ வேறுபாடு தற்செயலாக வர 3 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். ஆராய்ச்சியாளர்களே இதில் தடுக்கி விழுந்ததால், அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் தனி அறிக்கையே வெளியிட்டு விளக்க வேண்டியிருந்தது. பிராஜெக்டுக்காக அவசரமாகப் புள்ளியியல் கற்கும் உளவியல், நர்சிங், வணிகவியல் மாணவர்கள் இதை யாரிடம் போய்க் கேட்பார்கள்?

குவிந்து கிடக்கும் பாடங்கள்

ஒரு காலத்தில் நாராயணன் – மாணிக்கவாசகம் பிள்ளை கால்குலஸ் புத்தகமும், குப்தா – கபூர் புள்ளியியல் புத்தகமும் நூலகத்தில் கிடைத்தாலே பெரிய காரியம். இன்று நிலைமை வேறு. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். விரிவுரைகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எம்.ஐ.டி.யில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்புகள் முழுமையாக இணையத்தில் இருக்கின்றன. புள்ளியியலுக்கான ‘ஆர்’ மென்பொருளுக்கும், வடிவியலுக்கான ஜியோஜீப்ராவுக்கும் மாணவர்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஐ.ஐ.டி. பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் மென்பொருள் பாடங்களைத் தமிழிலும் தருகிறது. தமிழ் வழியில் பள்ளி முடித்து, கல்லூரியில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

இவை எல்லாம் நல்லவை, அவசியமானவை. ஆனால் விரிவுரையைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். பயிற்சிக் கணக்கைத் தொட்டதும் முதல் வரியிலேயே பேனா நின்றுவிடும். எங்கே நின்றோம் என்பது வீடியோவுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

பெர்க்லியில் கண்ட உண்மை

1970-களின் நடுவில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரீஸ்மன் என்ற ஆய்வு மாணவர், முதலாண்டு கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகம் தோற்கிறார்கள் என்று ஆராய்ந்தார். ஆர்வமில்லை, பள்ளி அடித்தளம் சரியில்லை, வறுமை, குடும்பத்தில் ஊக்கமில்லை என்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன அமெரிக்க மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். ஆசிரியர்கள் சொன்ன எந்தக் காரணமும் பொருந்தவில்லை.

கறுப்பின மாணவர்கள் உழைத்தார்கள். ஆனால் பெரும்பாலும் தனியாக உழைத்தார்கள். சீன மாணவர்கள் தனியாகப் போட்ட கணக்கை மாலையில் ஒன்றுகூடி ஒப்பிட்டார்கள். ஒருவர் தவறை மற்றவர் திருத்தினார். யாருக்குமே வராத கணக்கு எது என்று தெரிந்ததால், குறை தன்னிடம் இல்லை, கணக்குதான் கடினம் என்ற தெளிவும் கிடைத்தது. இதைக் கண்ட ட்ரீஸ்மன் கூட்டுப் பயிலரங்குகளைத் தொடங்கினார். அங்கே தேறாதவர்களுக்கான எளிய பாடம் நடத்தவில்லை. வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போடச் சொன்னார். கலந்துகொண்டவர்களிடையே தோல்வி பெருமளவு குறைந்தது.

பிரிட்டனில் இதே தேவைக்கு வேறொரு வழி பிறந்தது. 1991-இல் கவென்ட்ரியிலும் 1996-இல் லஃப்பரோவிலும் பல்கலைக்கழகக் கணித உதவி மையங்கள் தொடங்கின. எந்தத் துறை மாணவரும் முன்அனுமதி இல்லாமல் உள்ளே போய் உட்காரலாம். அங்கிருக்கும் ஆசிரியர் கணக்கைப் போட்டுக் கொடுப்பதில்லை. எதுவரை போட்டிருக்கிறாய் என்று கேட்டு அங்கிருந்து வழிகாட்டுகிறார். இன்று பெரும்பாலான பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் இத்தகைய ஏற்பாடு உண்டு.

நம் மண்ணிலும் உண்டு

தனியாகப் படித்தே மேதையாகலாம் என்பதற்கு ராமானுஜனைச் சொல்வார்கள். அது பாதிக் கதை. 1907-இல் டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயர், கணித ஆர்வலர்கள் சந்தா சேர்த்து நூல்களையும் ஆய்விதழ்களையும் வாங்கித் தங்களுக்குள் சுற்றுக்கு விட ஒரு சங்கம் தொடங்கினார். அதுவே இந்தியக் கணிதச் சங்கம். கல்லூரிப் படிப்பை முடிக்க முடியாமல் வேலை தேடிய ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகங்களோடு ராமசாமி ஐயரிடம்தான் போனார். அவருடைய முதல் கட்டுரை 1911-இல் வெளிவந்ததும் அந்தச் சங்கத்தின் இதழில்தான்.

நம் காலத்திலும் பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் கணித மாணவர்களுக்காகத் தொடங்கிய எம்.டி.டி.எஸ். கோடை முகாம், தேசிய உயர்கணித வாரியத்தின் நிதியோடு வளர்ந்து, கேள்வி கேட்டே பாடத்தை மாணவர் வாயிலிருந்து வரவழைத்திருக்கிறது. ஆனால் கோடை முகாமில் இடம் கிடைப்பது சிலருக்கு. கல்லூரி இருப்பது எல்லோருக்கும்.

என்ன செய்யலாம்?

கணிதத் துறை உள்ள ஒவ்வொரு கல்லூரியும் இப்படியொரு கணித உதவி மையத்தைத் தொடங்கலாம். ஒரு வகுப்பறை, ஒரு கரும்பலகை, ‘ஆர்’ ஏற்றிய ஒரு கணினி போதும். கடைசி மணி அடித்ததும் பேருந்துக்கு ஓடும் பிள்ளைகள்தான் அதிகம். ஆகவே மாலையில் வைக்காமல் மதிய இடைவேளையில் வையுங்கள். எம்.எஸ்சி. மாணவர்களை வழிகாட்டிகளாக உட்கார வையுங்கள். சொல்லிக்கொடுப்பவருக்கும் அதில் படிப்பு உண்டு. வருகைப்பதிவும் இன்டர்னல் மதிப்பெண்ணும் அந்த அறைக்குள் வரக் கூடாது. ‘அரியர் வைத்தவர்களுக்கு’ என்று பெயர் வைத்தால் யாரும் வர மாட்டார்கள். எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஐ.ஐ.டி. ஜாம் தேர்வின் பழைய வினாக்களைப் பலகையில் எழுதி வையுங்கள், தேறியவர்களும் வருவார்கள். பேச்சு தமிழிலேயே நடக்கட்டும். நிரூபணத்தை ஆங்கிலத்தில் எழுதுவது புரிந்த பிறகு வரும்.

மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று பேர் சேருங்கள். ஒரே கணக்கைத் தனித்தனியே முயன்றுவிட்டு, வாரம் இருமுறை உட்கார்ந்து ஒருவருக்கொருவர் விளக்குங்கள். விளக்கும்போது எங்கே வாய் தடுமாறுகிறதோ, அங்கேதான் புரியவில்லை என்று பொருள். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் போங்கள். ‘ஒன்றுமே புரியவில்லை சார்’ என்று வருபவருக்கு உதவுவது கடினம். ‘இந்த மூன்றாவது வரி எப்படி வந்தது?’ என்று கேட்பவருக்கு எந்த ஆசிரியரும் நின்று பதில் சொல்வார்.