ஐந்து வயதுக் கைப்பேசியோடு கினாபாலு ஏறிய கதை

என் கைப்பேசிக்கு வயது ஐந்து. வலது மூலையில் ஒரு கீறல், கேமராவைச் சுற்றி வெள்ளி நிறம் உரிந்த வளையம், தேய்ந்துபோன உறை. "ஐயா, இதை மியூசியத்துக்குக் கொடுத்திடுங்க" என்று என் மூன்றாம் படிவ மாணவர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். அவர்கள் கையில் இருக்கும் புதுக் கைப்பேசிகளில் பலவற்றில் இல்லாத ஓர் உணரி என்னுடையதில் இருக்கிறது. அதற்காகவே ஐந்து ஆண்டுகளுக்கு முன் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இதை வாங்கினேன்.

அந்த உணரியின் பெயர் காற்றழுத்தமானி. பள்ளி ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்களே, நீளமான கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிற்கும், அதே வேலையைச் செய்வதுதான் இதுவும். ஆனால் அளவு அரிசி மணிக்குள் அடங்கிவிடும். உள்ளே மிக மெல்லிய சிலிக்கான் சவ்வு ஒன்று, மூடிய சிறு குழிக்கு மேல் இழுத்துக் கட்டிய தோல் போல இருக்கிறது. வெளிக்காற்று அழுத்தினால் சவ்வு வளையும். வளைந்தால் அதன் மின்தடை மாறும். மின்தடை மாறுவதைக் கணக்கிட்டு அழுத்தம் இவ்வளவு என்று திரையில் எண்ணாகக் காட்டுகிறது கைப்பேசி.

நான் குடியிருப்பது அடுக்குமாடியில், 12ஆவது மாடி. காலையில் மின்தூக்கியில் இறங்கும்போது சும்மா நிற்காமல் 'ஃபைஃபாக்ஸ்' என்ற செயலியைத் திறந்து வைப்பது என் வழக்கம். ஜெர்மனியின் ஆஹென் நகரத்துப் பல்கலைக்கழகத்தார் மாணவர்களுக்காகவே உருவாக்கி இலவசமாகத் தருகிற செயலி அது. கைப்பேசியில் என்னென்ன உணரிகள் இருக்கின்றனவோ அத்தனையின் அளவுகளையும் வரைபடமாகக் காட்டும். தரைக்கு அருகில் ஏறத்தாழ ஒவ்வொரு 8 மீட்டர் உயரத்துக்கும் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைகிறது. 12 மாடி என்றால் சுமார் 36 மீட்டர். நான் கீழே வந்து சேரும்போது அழுத்தம் 4 ஹெக்டோபாஸ்கலுக்குச் சற்று மேல் கூடியிருக்கும். அண்டை வீட்டு ஆண்ட்டி, "தினமும் லிஃப்டுல என்னத்தய்யா பார்க்கிறீங்க?" என்று கேட்டபோது எண்களைக் காட்டினேன். இப்போது அவரும் சில நாள் எட்டிப் பார்க்கிறார்.

உங்கள் கைப்பேசியில் காற்றழுத்தமானி இல்லையென்றாலும் கவலை வேண்டாம். முடுக்கமானி அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. மின்தூக்கியின் தரையில் கைப்பேசியைப் படுக்க வைத்துப் பாருங்கள். நிற்கும்போது 9.8 காட்டும். மேலே கிளம்பும் நொடியில் எண் கூடும், நடுவழியில் மீண்டும் 9.8, நிற்கப்போகும்போது குறையும். நடுவழியில் ஏன் 9.8 என்று யோசித்துச் சொல்பவருக்கு நியூட்டனின் விதி புரிந்துவிட்டது என்று பொருள்.

இப்போது மலைக்கு வருவோம். சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் சக ஆசிரியர்கள் மூவரோடு சபா மாநிலத்துக் கினாபாலு மலை ஏறப் போனேன். கோலாலம்பூர் விமான நிலையத்திலேயே முதல் அறிவியல் பாடம் நடந்தது. நண்பர் ஒருவர் '30,000 மில்லி ஆம்பியர் மணி' என்று எழுதிய பெரிய பவர் பேங்க் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விமானத்தில் 100 வாட் மணி வரை கைப்பையில் கொண்டு போகலாம், அதற்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கணக்குப் போடுங்கள்: 30 ஆம்பியர் மணி பெருக்கல் 3.7 வோல்ட், 111 வாட் மணி. நண்பர் முகம் வாட, அந்தப் பவர் பேங்க் கோலாலம்பூரிலேயே தங்கிவிட்டது. என்னுடையது 10,000தான், 37 வாட் மணி. சரக்குப் பெட்டியில் போடக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. இருக்கைக்கு மேலே புகை வந்தால் யாராவது பார்ப்பார்கள், அணைப்பார்கள். சரக்கறையில் யார் பார்ப்பது?

சன்னலோர இருக்கை எனக்குக் கிடைத்தது. கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, கண்ணாடிக்கு அருகில் பிடித்தேன். சில நிமிடம் கழித்து ஜி.பி.எஸ். விழித்துக்கொண்டது. "இணையமே இல்லையே, எப்படி வேலை செய்யுது?" என்று நண்பர் ஆச்சரியப்பட்டார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஜி.பி.எஸ். உணரி எதையும் அனுப்புவதில்லை, கேட்க மட்டுமே செய்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்கள் தங்கள் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கின் குரல் கேட்டால் போதும், நாம் இருக்கும் இடமும் உயரமும் தெரிந்துவிடும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் இணையம் எதற்கு?

அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. ஜி.பி.எஸ். 10,000 மீட்டருக்கு மேல் என்றது. அதே கைப்பேசியின் காற்றழுத்தமானி 800 ஹெக்டோபாஸ்கலை ஒட்டிக் காட்டியது. 800 என்றால் சுமார் 2,000 மீட்டர் உயர மலையில் இருக்கும் அழுத்தம். ஒரே கைப்பேசி, ஒரே நொடி, இரண்டு உயரங்கள். எது பொய் சொல்கிறது?

இரண்டுமே பொய் சொல்லவில்லை. வெளியே இருந்த அழுத்தம் 300 ஹெக்டோபாஸ்கலுக்கும் கீழே. அந்தக் காற்றில் நம்மால் நினைவோடு இருக்க முடியாது. அதனால் விமானம் உள்ளே காற்றை அழுத்தி நிரப்பி, நம்மை 2,000 மீட்டர் மலையில் உட்கார்ந்திருப்பது போல வைத்திருக்கிறது. ஜி.பி.எஸ். விமானத்தின் உயரத்தைச் சொன்னது, காற்றழுத்தமானி என் நுரையீரல் உணர்ந்த உயரத்தைச் சொன்னது. நண்பரின் பையிலிருந்த மொறுமொறு முறுக்குப் பாக்கெட் உப்பிப்போய் இருந்ததும் இதனால்தான்.

கினாபாலுவின் உச்சி 4,095 மீட்டர். மலையேற்றம் திம்போஹோன் வாயிலில், சுமார் 1,866 மீட்டரில் தொடங்குகிறது. முதல் நாள் காடும் பாறைப் படிகளுமாக ஆறு கிலோமீட்டர் ஏறி, பானாலாபான் என்ற இடத்தில் தங்கினோம். அங்கே அழுத்தம் 690க்கு அருகில். அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். வழியெல்லாம் கைப்பேசி தொலைபேசிக் கோபுரங்களைத் தேடித் தேடி மின்னை வீணாக்கியது எனக்குத் தெரியாமல் போயிற்று. அலைவரிசை மங்கலாக இருக்கும் இடத்தில் கைப்பேசி தன் குரலை உயர்த்தி, மீண்டும் மீண்டும் கோபுரத்தைக் கூப்பிடும். விமானப் பயன்முறையில் போட்டிருக்க வேண்டும். அறிவியல் ஆசிரியருக்கும் மறதி உண்டு.

மறுநாள் அதிகாலை 2.30 மணிக்கு உச்சியை நோக்கிக் கிளம்பினோம். என் தலைவிளக்கு அரை மணி நேரத்தில் மங்கி அணைந்தது. மாற்று மின்கலம் கொண்டுவரவில்லை. கைப்பேசி விளக்கை எரியவிட்டேன், 38 விழுக்காடு இருந்தது. வெள்ளைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வழுவழுப்பான கருங்கல் சரிவில் ஏறும் இடம் வந்தது. காற்று ஊசியாகக் குத்தியது. சட்டென்று விளக்கு அணைந்தது. கைப்பேசியே அணைந்திருந்தது. 38 விழுக்காடு எங்கே போனது? ஒரு கையில் கயிறு, ஒரு கையில் செத்த கைப்பேசி, காலுக்குக் கீழே எது பாறை எது இருட்டு என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் கால் நடுங்கியது.

எங்கள் மலை வழிகாட்டி இரண்டடி கீழே இறங்கி வந்து தன் விளக்கை என் காலருகே காட்டினார். கைப்பேசியை வாங்கி, என் சட்டைக்குள்ளே நெஞ்சோடு வைக்கச் சொன்னார். "குளிருது அதுக்கு" என்றார் மலாயில். பௌதிகம் படிக்காமல் அவர் சொன்னது முழுக்கச் சரி.

ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு உள்தடை என்றால் என்னவென்று தெரிந்திருக்கும். லித்தியம் அயனி மின்கலத்தில் லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஒரு திரவத்தின் வழியே நீந்திப் போகின்றன. குளிரில் அந்தத் திரவம் கெட்டிப்படும். நீச்சல் சிரமமாகும். அதாவது உள்தடை கூடும். உதாரணத்துக்கு, மின்கலம் 3.7 வோல்ட் தருகிறது, விளக்கும் திரையும் சேர்ந்து 2 ஆம்பியர் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உள்தடை 0.1 ஓம் என்றால் உள்ளேயே 0.2 வோல்ட் போய்விடும், கைப்பேசிக்கு 3.5 கிடைக்கும். குளிரில் உள்தடை 0.3 ஓம் ஆனால் 0.6 வோல்ட் போய்விடும், கிடைப்பது 3.1தான். அது போதாது என்று கைப்பேசி தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. மின்கலம் பழையதாக இருந்தால் உள்தடை ஏற்கெனவே அதிகம். ஆற்றல் உள்ளே பத்திரமாக இருக்கிறது, வெளியே எடுக்கத்தான் முடியவில்லை.

உச்சியில் சூரியன் எழும்போது சட்டைக்குள்ளிருந்து எடுத்து இயக்கினேன். 34 விழுக்காடு. காற்றழுத்தம் சுமார் 620. கடல்மட்டத்தில் 1013 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு படம் எடுத்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தேன்.

குளிரில் உயிர் பிழைத்த அந்த மின்கலத்தை வெயில்தான் கொன்றது, அதுவும் என் அலட்சியத்தால். பள்ளிக்குக் காரில் போகும்போது வழிகாட்டி வரைபடத்துக்காகக் கைப்பேசியை முன்கண்ணாடிக்குக் கீழே மாட்டி, மின்னூட்டியையும் செருகிவிடுவேன். மூடிய கார் நம் ஊர் வெயிலில் நின்றால் முன்பலகை 60 டிகிரியைத் தாண்டிவிடும். சில நாள் மறந்து அங்கேயே விட்டுப் போனதும் உண்டு. சூட்டில் மின்கலத்தின் திரவம் சிதைந்து வாயுவாகும்.

இவ்வாண்டு ஓர் இரவு மேசையில் வைத்தபோது கைப்பேசி தட்டையாக உட்காராமல் ஆடியது. திரையின் ஓரம் மெல்லத் தூக்கியிருந்தது. மின்கலம் முறுக்குப் பாக்கெட் போல உப்பியிருந்தது. ஆனால் காரணம் வேறு: பாக்கெட்டில் வெளிக்காற்று குறைந்தது, இங்கே உள்ளே வாயு பிறந்தது, அதுவும் தீப்பற்றக்கூடிய வாயு.

அப்போது கைப்பேசியில் 9 விழுக்காடு மின்சாரம் இருந்தது. அதற்குள்ளே என் பாட்டியின் குரலும் இருந்தது.

பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன் பெரட்டுக்குப் போனது, உளி தீட்டியது, மங்கில் நிறைந்த பாலை மழை வந்து கெடுத்தது, பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றும்போது மூக்கைத் துளைத்த வாடை, எல்லாவற்றையும் ஒரு தீபாவளி மாலையில் 43 நிமிடம் பேசினார். நான் பதிவு செய்தேன். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை. வேறெங்கும் படி எடுத்து வைக்கவில்லை. 'இந்த வாரம் செய்யலாம்' என்று ஓராண்டு ஓடிவிட்டது.

மின்னூட்டியைச் செருகி, மடிக்கணினிக்கு ஒரே ஒருமுறை படி எடுத்துவிடலாமா? பத்து நிமிட வேலை. கை மின்னூட்டி வரை போய்விட்டது. மின்கலத்தின் இரு முனைகளையும் பிரித்து வைப்பது சுமார் 20 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் படலம், தலைமுடியைவிட மெல்லியது. உப்பிய மின்கலத்தில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. மின்னூட்டினால் சூடேறும், படலம் கிழிந்தால் இரு முனைகளும் தொட்டுக்கொள்ளும், சூடு சூட்டை வளர்த்து நொடிகளில் தீயாகும். தீப்பிடித்தால் வீடும் போகும், குரலும் போகும். நினைவகச் சில்லை மட்டும் கழற்றி வேறு கைப்பேசியில் பொருத்திப் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இன்றைய கைப்பேசிகளில் தகவல் பூட்டப்பட்டிருக்கிறது, சாவி அதே பலகையின் இன்னொரு சில்லில் இருக்கிறது.

கைப்பேசியை அணைத்தேன். பால்கனியில் துணி, காகிதம் எதுவும் இல்லாத ஓடு பதித்த தரையில் வைத்தேன். உப்பியதை அமுக்கிப் பார்க்கவில்லை, குத்தவும் இல்லை. நீங்களும் அப்படிச் செய்யவே கூடாது, உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

காலையில் கடைக்காரர் பிளாஸ்டிக் தகட்டால் பசையை நீக்கி, பழைய மின்கலத்தை வெளியே எடுக்க இருபது நிமிடம் ஆனது. மணல் நிரப்பிய டின்னில் அதைப் போட்டார். புதியதைப் பொருத்தினார். திரை எரிய ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

மின்கலமே இல்லாதபோது குரல் எங்கே இருந்தது? கைப்பேசி நினைவகத்தில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மின்கடத்தாச் சுவருக்குள் சில எலக்ட்ரான்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. மின்சாரம் போனாலும் அவை ஓடுவதில்லை. பாட்டியின் 43 நிமிடம் 41 மெகாபைட், அதாவது சுமார் 330 மில்லியன் பிட். ஓர் அறைக்கு மூன்று பிட் என்றால் 110 மில்லியன் அறைகள். நான் பால்கனிக் கதவருகே விழித்திருந்த நேரமெல்லாம் அந்த எலக்ட்ரான்கள் அசையாமல் காத்திருந்தன.

கடை வாசலிலேயே நின்று படி எடுத்தேன், தங்கையின் கைப்பேசிக்கும் அனுப்பினேன். இப்போது அது மூன்று இடங்களில் இருக்கிறது. 31ஆவது நிமிடத்தில் பாட்டி பேச்சை நிறுத்தி, "அந்தப் பொட்டியை மூடிட்டுச் சாப்பிட வாடா, சோறு ஆறுது" என்கிறார். நான் மூடவில்லை. அதனால்தான் மீதி 12 நிமிடம் கிடைத்தது.