நாற்காலிக்கு அளந்த இடுப்பு

கொச்சி மட்டாஞ்சேரியை ஒட்டிய கொச்சங்காடியில், செப்புத் தகடு வேய்ந்த கூரையால் பெயர் பெற்றது செம்பிட்டபள்ளி மசூதி. அங்கே தொழ வருபவர் ஒரு வேளைத் தொழுகைக்குள்ளேயே பலமுறை குனிகிறார், தரையில் நெற்றி பதிக்கிறார், மடக்கிய காலின் மேல் அமர்ந்து எழுகிறார். இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்ட இத்தகைய ஒருவருக்கு ‘ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது’ என்பதில் பாதி அர்த்தம் தரையில்தான் இருக்கிறது. பலனை அளக்க மருத்துவ உலகம் கையாளும் கோல்களோ நாற்காலி வாழ்க்கையில் பிறந்தவை. அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாரிஸ் 1969இல் வகுத்த அளவீட்டில் மொத்தம் 100 மதிப்பெண். வலிக்கு 44, நடைக்கும் அன்றாட வேலைகளுக்கும் 47. மீதியுள்ள ஒன்பதில்தான் மூட்டின் அசைவும் கோணலும். படியேற முடிகிறதா, ஷூவும் சாக்ஸும் மாட்ட முடிகிறதா, நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார முடிகிறதா என்று அது கேட்கும். சம்மணத்துக்கு அதில் இடமே இல்லை. 1996இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு அளவீட்டின் 12 கேள்விகளில் காரில் ஏறி இறங்குவது உண்டு, பாயில் உட்கார்ந்து எழுவது இல்லை. ஆக, தரையை இழந்தவரும் முழு மதிப்பெண்ணை நெருங்கிவிடலாம்.

வலி போனதே பெரிது, தரை எதற்கு என்று கேட்கலாம். வலிக்கு 44 கொடுத்ததில் தவறில்லை. இரவில் தூங்க முடியாமல் தவித்தவருக்கு அதுதான் முதல் வரம். நாற்காலியில் அமர்ந்து தொழ நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகையும் உண்டு. தரையில் உட்காராதீர்கள் என்ற மருத்துவர்களின் எச்சரிக்கையும் வெறும் பயமுறுத்தல் அல்ல. பின்புறம் வழியாகச் செய்த அறுவையில், தொடையை வயிற்றோடு மடக்கி உள்பக்கம் திருப்பினால் செயற்கை மூட்டின் பந்து கிண்ணத்தை விட்டு நழுவக்கூடும். ஆனால் இந்த விளக்கத்துக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது. சம்மணத்தில் தொடை வெளிப்பக்கம் சாய்கிறது. அங்கே ஆபத்து அமர்வதைவிட, தரையில் இறங்கி எழும் தருணத்தில் அதிகம். குத்தவைத்தலின் கதை வேறு. இரண்டையும் ஒரே தடைக்குள் அடைத்தால் நோயாளிக்குக் கிடைப்பது பயம் மட்டுமே. போதாக்குறைக்கு, இந்தியாவில் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் நின்று அது செத்துப்போவதால் மூட்டை மாற்றிக்கொள்பவர்களில் நடுவயதைக்கூட எட்டாதவர்கள் ஏராளம். மேற்கில் பெரும்பாலும் தேய்மானம் கண்ட முதியவர்கள். முப்பது வருடம் தரையில்லாமல் இரு என்பதைச் சின்ன அறிவுரையாக நினைக்க முடியவில்லை.

அப்படியானால் பந்தைப் பெரிதாக்கினால் போயிற்று என்று தோன்றும். 1960களில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி பொருத்திய பந்து 22 மில்லிமீட்டர். இன்று 32, 36 சாதாரணம். பெரிய பந்து எளிதில் நழுவாது. இந்த நியாயம் ஒருமுறை எல்லை மீறியும் போனது. உலோகத்தோடு உலோகம் உரசும் பெரிய பந்து கொண்ட டீப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் மூட்டுகள், உதிர்ந்த கோபால்ட், குரோமியத் துகள்களால் சுற்றியிருந்த தசையைப் புண்ணாக்கின. உலகெங்கும் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தப்பட்ட பின், 2010 ஆகஸ்ட்டில் அவை திரும்பப் பெறப்பட்டன. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகள். இந்தக் கோளாறை முதலில் மோப்பம் பிடித்தவற்றில் ஒன்று ஆஸ்திரேலியாவின் தேசியப் பதிவேடு. எந்த மூட்டு யாருக்கு, எப்போது மறு அறுவை என்று எழுதி வைத்ததால் 2007லேயே எண்கள் பேசத் தொடங்கின. ஆனாலும் பதிவேடு முதன்மையாக எண்ணுவது மறு அறுவையைத்தான். இடுப்பு மூட்டுகளில் ஏறக்குறைய 58 சதவீதம் 25 ஆண்டு தாங்கும் என 2019இல் வந்த கணக்கு, ஆஸ்திரேலிய, பின்லாந்துப் பதிவேடுகளிலிருந்து எடுத்தது. மூட்டு தாங்கியதை அது சொல்லும். அந்த இருபத்தைந்து ஆண்டில் அதன் சொந்தக்காரர் ஒருநாளாவது தரையில் உட்கார்ந்தாரா என்பது அந்தக் கணக்கில் ஏறாது.